இரண்டு எர்த்

அது சித்திரையின் கடைசிச் சனிக்கிழமை. வைகாசி பிறந்துவிட்டது என்று என் மனைவி இன்றுவரை சாதிக்கிறாள். பிறக்கவில்லை. அந்த ஆண்டு எங்கள் மாதா கோயில் பங்கில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை கொடுத்தது அக்னி நட்சத்திரத்தின் முதல் பாதியில். மறுநாள் ஞாயிறு காலைத் திருப்பலியில் என் இளைய மகளும் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கப் போகிறாள். அப்படி வாங்கும் பிள்ளையின் பின்னால் அப்பாவும் அம்மாவும் நின்று ஆளுக்கொரு தோளில் கை வைக்க வேண்டும். எங்கள் பங்கின் வழக்கம் அது. மூத்தவளுக்கு நான் நிற்கவில்லை. டயர் வெடித்து உப்பு லோடோடு தூத்துக்குடிச் சாலையில் நின்றிருந்தேன். இளையவள் இதை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டாள். "என் தோள்ல ரெண்டு பேர் கையும் இருக்கும்ல?" என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இருக்கும் என்று சொல்லியிருந்தேன்.

நான் ட்ரைலர் ஓட்டுகிறவன். வீடு கடலூர் முதுநகரில். அன்று லோடு ஏற்றிய இரசாயன ஆலை குடிகாட்டுக்குப் பக்கத்தில். வீட்டிலிருந்து பஸ் ஏறினால் நடத்துநர் நம்மிடம் வருவதற்குள் இறங்க வேண்டியிருக்கும், அவ்வளவு கிட்டம். மதியத்துக்குள் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு வெளியே வந்து, சிதம்பரம் புறவழிச் சாலையில் இருக்கும் முதலாளியின் ஷெட்டில் வண்டியை ஒப்படைத்துவிட்டு, பஸ்ஸில் வீடு திரும்புவதாகத் திட்டம். திங்களன்று சிதம்பரத்திலிருந்து காரைக்காலுக்குப் போக வேண்டும்.

அந்த ஆலைக்குள் நுழைவதே ஒரு சடங்கு. கைபேசி, தீப்பெட்டி, டார்ச், விளக்குகளைச் சோதிக்கும் டெஸ்ட் லேம்ப் எல்லாவற்றையும் வாசல் அறையில் கொடுத்துவிட வேண்டும். நெருப்பு வரக்கூடிய எதுவும் உள்ளே போகக் கூடாது. லோடு ஏற்றும் கொட்டகைக்குள் வண்டி நின்றதும் அங்கிருக்கும் பொறுப்பாளர் முதலில் செய்வது, எர்த் போடுவது. பீப்பாய்கள் உருளும்போதும் உரசும்போதும் இரும்பில் மின்சாரம் சேரும். அது மண்ணுக்குள் இறங்கிப்போக, முதலை வாய் போன்ற கொக்கி ஒன்றை முன்வண்டியிலும் இன்னொன்றை ட்ரைலரிலும் மாட்டுவார். இரண்டு கொக்கியின் கேபிளும் தூணில் பதித்த ஒரே செம்புப் பட்டையில் போய்ச் சேரும். கொக்கி கடிக்கும் இடத்தில் மட்டும் பெயிண்ட் இருக்கக் கூடாது என்பது விதி. மாட்டிய பிறகுதான் மற்ற சோதனைகள். அன்றும் அப்படியே பார்த்தார். பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் எரிந்தன. தாளில் குறித்துக்கொண்டார்.

லோடு ஏறியது. வெளிவாசலுக்கு வந்தேன். வாசல் காவலர் வண்டியின் பின்னால் போய் நின்று, "லெப்ட்டு போடு" என்றார். போட்டேன்.

பிறகு, "டிரைவரே, இது வண்டியா, ஆடித் திருவிழா பந்தலா?" என்று குரல் வந்தது.

இறங்கிப் பார்த்தேன். இடது இண்டிகேட்டருக்குப் பின்பக்கம் முழுவதும் சேர்ந்து மங்கலாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவரை ஏறிப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பிரேக் விளக்கு எரியாமல் இண்டிகேட்டர் அழுதுவடிந்தது. பின்விளக்கு அணைந்தே கிடந்தது.

"இதோட வெளிய வுட முடியாது. லோடு வண்டி ஆறு மணிக்கு மேல போவாது. நாளைக்கு ஞாயித்துக்கெழம, இந்த கேட்டே தொறக்க மாட்டாங்க. பாத்துக்க."

"அப்ப வண்டிய இங்கியே வுட்டுட்டு நான் போலாமா?"

"லோடு வண்டிய வுட்டுட்டா? ஏதாச்சும் ஆனா யாரு நவுத்தறது, உங்க மொதலாளியா வருவாரு? வண்டி உள்ள இருந்தா டிரைவரும் உள்ள."

வாசல் அறையில் மட்டும் கைபேசியைப் பயன்படுத்தலாம். என் மனைவியின் தம்பிக்குப் புவனகிரியில் வண்டி எலெக்ட்ரிக்கல் கடை. அவனைக் கூப்பிட்டேன். நான் ஓட்டுகிறவன், ஒயர் சமாசாரம் எல்லாம் அவனுடையது. அந்த வாரம்தான் ட்ரைலரைத் தகுதிச் சான்றுக்காகப் பண்ருட்டியில் புதிதாகப் பெயிண்ட் அடித்து எடுத்து வந்திருந்தோம். அதுவும் அவனுக்குத் தெரியும்.

"எர்த்து மாமா," என்றான், நான் சொல்லி முடிப்பதற்குள். "நூத்துக்கு நூறு எர்த்து."

"எர்த்தெல்லாம் சரியா போட்டாங்கடா. ரெண்டு போட்டாங்க. நானே பாத்தேன்."

"ரெண்டா? பரவால்லியே, பண்ருட்டிக்காரன் தேறிட்டான். டைட்டா இருந்துச்சா?"

"நல்லா கடிச்சிப் புடிச்சிது."

"பெயிண்டு அடிச்சாங்களே, எர்த் எடத்துல பெயிண்டு ஏறலியே?"

"இல்லடா. அந்த எடத்த மட்டும் பளபளன்னு வுட்டிருக்காங்க."

"அப்ப எர்த் இல்ல மாமா. பின்ன கழட்டிப் பாருங்க."

முன்வண்டியிலிருந்து ட்ரைலருக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் கேபிளின் முனையில் ஏழு பின்கள் உண்டு. வண்டியை வாசலுக்கு உள்பக்கம் ஒதுக்கி, பேட்டரி சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். கறுப்போ பச்சையோ எதுவும் பிடித்திருக்கவில்லை. துணியால் துடைத்து மாட்டினேன். விளக்குகள் முன்போலவே சிமிட்டின. மறுபடியும் வாசல் அறைக்கு நடந்தேன். பல்பைப் பார்க்கச் சொன்னான். எல்லாம் புதிது. மறுபடியும் நடந்தேன். ஃபியூஸைப் பார்க்கச் சொன்னான். நன்றாக இருந்தது. வண்டிக்கும் கைபேசிக்கும் நடுவில் வெயிலில் வெந்த கான்கிரீட் தரை. வண்டியிடம் நிற்கும்போது கேட்க ஆள் இல்லை, ஆளிடம் பேசும்போது பார்க்க வண்டி இல்லை. கையில் டெஸ்ட் லேம்ப் இருந்தால் ஒயர் ஒயராகத் தொட்டுக் கண்டுபிடித்திருக்கலாம். அது வாசல் அறையில், என் பெயர் எழுதிய பையில் கிடந்தது.

இதற்குள் கொட்டகைப் பொறுப்பாளருக்குச் செய்தி போய்விட்டது. நேரே வந்தார். "நான் பாத்து எழுதின வண்டி எப்பிடி எரியாம போவும்? உள்ள கொண்டா."

கொண்டுபோனேன். விதிப்படி முதலில் இரண்டு கொக்கியையும் மாட்டினார். சுவிட்சைப் போட்டேன். இடது சொன்னால் இடது, வலது சொன்னால் வலது, பிரேக் மிதித்தால் இரத்தச் சிவப்பு. எனக்கே வெட்கமாகிவிட்டது. "கேட்டுல நிக்கிறவருக்குக் கண்ணுல ஏதாவது பூ கீ வுழுந்திருக்கும். போய்ச் சொல்லு," என்றார். விளக்கை அணைத்தேன். கொக்கிகளைக் கழற்றினார். வாசலுக்குப் போனேன். பந்தல்.

"எரியுதுன்னாரா? எந்த லோகத்துல எரியுதாம்?" என்றார் காவலர். "வெயில்ல மூள உருகிப்போச்சான்னு நான் கேட்டதா சொல்லு."

அதற்குப் பிறகும் ஒருமுறை இந்தப் பயணம் நடந்தது. நான் இரண்டு நாட்டு அரசர்களுக்கு நடுவே வசைகளைச் சுமந்து போகும் தூதனாகிவிட்டேன். இருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒரு வண்டி, ஓர் இடத்தில் சரி, கூப்பிடு தூரத்தில் தப்பு. வண்டியில் எப்போதும் ஏதாவது ஒரு புத்தகம் வைத்திருப்பேன். அன்று இருந்தது பழைய கடல் வாணிபத்தைப் பற்றியது. இடையே காத்திருந்தபோது எடுத்துப் பிரித்தேன். கப்பல்கள் காற்றுக்காகத் துறைமுகத்திலேயே மாதக்கணக்கில் கிடந்ததைப் பற்றிய அத்தியாயம். மூடி வைத்துவிட்டேன்.

பொழுது சாய்ந்துகொண்டே வந்தது. வீட்டிலிருந்து மூன்று முறை அழைப்பு வந்திருந்ததை வாசல் அறையில் பார்த்தேன். காவலர் என் முகத்தைப் பார்த்து, "வீட்ல என்னா?" என்றார். சொன்னேன். பிள்ளையின் புதுநன்மை, தோளில் கை, மூத்தவளுக்கு நிற்காதது, எல்லாம். அவர் புவனகிரிப் பக்கத்து ஆள். அவருக்குப் புதுநன்மை என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் விசேஷம் என்றால் தெரியும்.

"சரி வா," என்று பதிவேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். "நானே கொட்டாய்க்கு வந்து பாக்கறன். அங்க எரிஞ்சா அங்கியே எழுதிக் கையெழுத்துப் போட்டுடறன். வெளிய போய் ரோட்டோரம் நிறுத்தி உன் மச்சான வரச்சொல்லிப் பாத்துக்க. நம்ம கேட்டத் தாண்டிட்டா சரி."

மூன்று பேரும் கொட்டகையில் இருந்தோம். வண்டி நின்றது, கொக்கிகள் மாட்டப்பட்டன, விளக்குகள் எரிந்தன. காவலர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ம்" என்றார். சுவரில் பதிவேட்டை அழுத்தி எழுதத் தொடங்கினார். ஆறு மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. நான் கீழே இறங்கி முன்சக்கரத்தின் பக்கத்தில் நின்றேன். விளக்குகளை அணைக்க மறந்துவிட்டேன். பொறுப்பாளருக்கும் அவசரம். முன்வண்டியின் கொக்கியில் கையை வைத்துக்கொண்டே முகத்தைக் காவலர் பக்கம் திருப்பி, "இப்பயாச்சும் கண்ணு தெரிஞ்சிதா?" என்று கேட்டபடி பிடுங்கினார்.

கொக்கியின் பல் இரும்பை விட்டு விலகிய இடத்தில், கடுகளவு, நீலமாக ஒன்று தெறித்தது. அதே நொடியில் பின்னால் விளக்குகள் குழம்பின.

"பொறி!" என்று கத்தினேன்.

யோசித்துக் கத்தியதல்ல. இரசாயன ஆலைகளுக்குப் போய்வருகிற எந்த ஓட்டுநரும் பாம்பைக் கண்டது போலக் கத்தியிருப்பான்.

"என்னா?" என்றார் பொறுப்பாளர். அவர் பார்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது காவலரை.

காவலர் எழுதுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார், பிறகு பொறுப்பாளரிடம் மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "பொரிங்க. வீட்ல நாளைக்கு விசேஷம் இல்ல? பொரி வாங்கணுமாம். கட மூடிடுவாங்கன்னு பயப்படறாரு. அனுப்பி வுடுங்க."

எங்கள் பக்கத்துப் பேச்சில் வல்லின றகரத்துக்கும் இடையின ரகரத்துக்கும் வேறுபாடு கிடையாது. பொறியும் பொரியும் தாளில்தான் வேறு. காவலர் பார்த்திருந்தார் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். புதுநன்மைக்குப் பொரி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பொறுப்பாளர் இரண்டாவது கொக்கியைக் கழற்ற நடந்தார். இதற்குள் பதிவேட்டில் கையெழுத்தும் ஆகிவிட்டிருந்தது. நான் ஏறி, சாவியைத் திருப்பினால் போதும். வெளியே போனால் இன்னொரு கொக்கியே வேண்டாம், பொறியும் வராது. இந்த வண்டியால் யாருக்கும் எதுவும் ஆகாது.

பக்கத்துக் கொட்டகையில் ஒரு டேங்கரில் எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான் ஏறிக்கொண்டிருந்தது. அதன் ஓட்டுநர், விருத்தாசலத்துக்காரர், டேங்கர் நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். இப்படி விளக்குக் கோளாறு உள்ள ட்ரைலர் என்னுடையது மட்டும்தானா? நாளை மறுநாள் இன்னொன்று இதே கொட்டகைக்கு வரும். விளக்கு எரியும்போதே யாராவது அவசரத்தில் கொக்கியைப் பிடுங்குவார்.

"பொரி இல்ல சார்," என்றேன். "நெருப்புப் பொறி. நீங்க புடுங்கின எடத்துல வந்துது."

காவலர் பதிவேட்டை மூடினார். என்னை அவர் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கிணற்றிலிருந்து கை கொடுத்துத் தூக்கியவன் மறுபடியும் உள்ளே குதித்ததைப் பார்ப்பது போல இருந்தது.

அதன் பிறகு எதுவும் என் கையில் இல்லை. டேங்கர் நிறுத்தப்பட்டது. பாதுகாப்பு அதிகாரிக்குத் தொலைபேசி போனது. அவர் சிதம்பரத்தில் ஏதோ கல்யாண மண்டபத்தில் இருந்தார். மேளச் சத்தத்துக்கு மேல் அவர் கத்தியது எனக்கே கேட்டது. ஓரமாக ஒதுக்கி நிறுத்திய பிறகு, திங்கட்கிழமை அவர் வந்து பார்க்கும் வரை அந்த வண்டியை யாரும் தொடக் கூடாது, விளக்கு சுவிட்சைக்கூட. வண்டியை வெறும் தள்ளுவண்டி போல எந்த விளக்கும் இல்லாமல் காலி முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஆறு மணிச் சங்கு ஊதியது.

வாசல் அறையிலிருந்து மச்சானிடம் சொன்னபோது முதலில் அவன் சிரித்தான்.

"பாத்தீங்க, சரி. வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா மாமா?" பிறகு, "இருங்க, கொக்கின்னா எந்தக் கொக்கி?"

"எர்த்துக் கொக்கிடா. மத்தியானத்துலேர்ந்து சொல்றனே, ரெண்டு போட்டாங்கன்னு."

எதிர்முனையில் பெருமூச்சு. "மாமா. நான் கேட்டது வண்டியோட எர்த்து. நீங்க சொன்னது ஆலையோட எர்த்தா?"

வண்டி விளக்குக்கு மின்சாரம் ஒயர் வழியே போகிறது, இரும்பு வழியே திரும்புகிறது. ட்ரைலரின் சட்டத்தில் ஒரு போல்ட்டில் கட்டிய ஒயர்தான் அதை முன்வண்டிக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. அந்தத் திரும்பும் வழிக்குத்தான் தொழிலில் எர்த் என்று பெயர். மண்ணுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்த வழி அடைபட்டால் மின்சாரம் சும்மா இராது. பக்கத்து விளக்குக்குள் புகுந்து வழி தேடும், பந்தல் போலச் சிமிட்டும். கொட்டகையில் மட்டும் அதற்கு ஒரு வழி கிடைத்தது. ட்ரைலரின் கொக்கி வழியே ஏறி, செம்புப் பட்டையைத் தொட்டு, முன்வண்டியின் கொக்கி வழியே இறங்கியது. ஆலையின் எர்த், வண்டியின் எர்த்துக்குப் பதிலாக வேலை செய்துகொண்டிருந்தது. பள்ளிப் புத்தகத்தில் புவித்தொடுப்பு என்று ஒரு சொல் உண்டு. ஒருவர் வாயாலும் கேட்டதில்லை. ஆலைக்காரர்கள் அதைச் சொல்லியிருந்தாலாவது, ஆறு மணிச் சங்கு ஊதும்போது நான் வீட்டில் குளித்துக்கொண்டிருந்திருப்பேன்.

தேதி வரிசையை மாற்றுவது எனக்குப் பிடிக்காது. இங்கே மாற்றுகிறேன், திங்கட்கிழமையில் சொல்வதற்கு அதிகம் இல்லை என்பதால். அதிகாரி வந்தார். உரசினாலும் பொறி வராத பித்தளைக் கருவிகளை எடுத்துக் கொடுத்தார்கள். ட்ரைலர் சட்டத்தின் உள்பக்கம் எர்த் போல்ட்டைக் கண்டுபிடித்தேன். பண்ருட்டியில் அதைக் கழற்றி, சட்டம் முழுவதும் சிவப்பு அடித்து, பெயிண்ட் மேலேயே திரும்ப முறுக்கியிருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. சுரண்டி இரும்பைக் காட்டி மறுபடியும் முறுக்கினேன். ஒரு டீ ஆறும் நேரம். இனிமேல் கொக்கி போடுவதற்கு முன்பே விளக்கைப் பார்க்க வேண்டும் என்று கொட்டகைச் சுவரில் எழுதி ஒட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. கேபினுக்குள் இருக்க முடியாத வெயில். ட்ரைலருக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்தேன். திருப்பலி தொடங்கியிருக்கும், வாசகம் முடிந்திருக்கும், இப்போது பிள்ளைகள் வரிசையாக எழுந்திருப்பார்கள் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் புத்தகம் இருந்தது. எடுக்கவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறியபோது காவலர் விசில் அடித்தார். அன்றும் அவருக்கே முறை. கம்பிக் கதவுக்கு வெளியே மச்சான் பைக்கில், புது வேட்டியில். முன்னால் பெட்ரோல் டேங்க் மேல் என் மகள், வெள்ளை கவுன், வெள்ளைப் பூக்கிரீடம், கையில் பிரியாணி டப்பா. கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் ஒரு மஞ்சள் கோடு. அதைத் தாண்டி நான் போகக் கூடாது.

"லைட்டு எரியுதா மாமா?" என்றான் மச்சான்.

"உன் மூஞ்சி எரியுது. பேசாம இரு."

மகள் இறங்கிக் கம்பியருகில் வந்தாள். நான் எதுவும் கேட்பதற்கு முன் அவளே சொன்னாள். "இந்தத் தோள்ல அம்மா. இந்தத் தோள்ல மாமா. மாமா கை கனமா இருந்துச்சு. நான் நவுந்துகிட்டே இருந்தேன், சிஸ்டர் மொறச்சாங்க."

"அப்பத்த முழுங்கிட்டியா, மென்னுட்டியா?"

"மேல ஒட்டிக்கிச்சு. நாக்காலயே எடுத்தேன்." பிறகு, "நீங்க எப்ப வருவீங்க?"

"செவ்வாக்கெழம."

அவள் தன் கவுனைக் குனிந்து பார்த்தாள். "அப்ப செவ்வா வரைக்கும் இத கழட்டாம இருக்கட்டுமா? நீங்க வந்து கை வச்சிட்டீங்கன்னா கழட்டிடுவேன்."

"வேர்க்குருல வெந்துடுவடி," என்றான் மச்சான். "வா, வெயில்."

"நான் அப்பாவத்தான் கேட்டேன்."

இரண்டு கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டினேன். அவள் தோளைக் கொண்டுவந்து அதன் அடியில் வைத்தாள். கம்பி என் முழங்கையில் இடித்தது. அந்தக் கை எவ்வளவு நேரம் அங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. மச்சான் பைக்கைத் திருப்பிக்கொண்டு ஆலைப் பெயர்ப் பலகையை முதல்முறை பார்ப்பவன் போல வாசித்துக்கொண்டிருந்தான்.

"டிரைவரே," என்றார் காவலர் தணிந்த குரலில், "கேமரா இருக்குது. கோட்டுக்கு உள்ள வந்துடுங்க."

குனிந்து பார்த்தேன். இரண்டு காலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தன. கையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தேன்.